பன்னிரண்டு பை தக்காளியும் எட்டுப் பொட்டலம் உரமும்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். சென்னையில் மொட்டைமாடியில் பன்னிரண்டு பைகளில் தக்காளி வைத்திருக்கிறீர்கள். செடி இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிறது. பூ பூத்துப் பூத்து உதிர்கிறது. தப்பிப் பிடித்த நான்கைந்து காய்களிலும் அடிப்பக்கம் கருத்து அழுகிவிட்டது. உரக்கடையில் போய்ச் சொன்னதும் மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, எலும்புத்தூள், பஞ்சகவ்யம், மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்கவைத்தது), கடற்பாசிச் சாறு, முட்டை ஓட்டுத்தூள் என எட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். “இவற்றில் தக்காளிக்கு மிகச் சிறந்த இயற்கை உரம் எது?” என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். இவ்வளவு இலை இருந்தும் காய் ஏன் இல்லை, அதை இந்தப் பொட்டலங்களில் ஏதாவது ஒன்று சரிசெய்யுமா என்பதுதான் அது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பாதிப் பிரச்சினையை எந்த உரமும் சரிசெய்யாது. மீதிப் பாதிக்கு, இன்னும் உரம் போடுவதைவிட இப்போது போடாமல் இருப்பதுதான் மருந்து.

பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தேன். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தக்காளிக் காடுகளில் அலைந்தேன். இப்போது மதுரையில் என் வீட்டு மாடியில் முப்பது பைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வயலில் கற்ற பாதி, மாடியில் செல்லுபடியாகவில்லை. வயலில் உரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வேர் அரை மீட்டர் இறங்கித் தேடிக்கொள்ளும். இருபது லிட்டர் பையில் வேருக்குப் போக்கிடம் கிடையாது. நாம் செய்யும் தவறு முழுவதும் அதன் தலையில்தான் விழும். உங்கள் செடியை நான் பார்க்கவில்லை, படமும் நீங்கள் போடவில்லை. ஆகவே கீழே சொல்வதில் உங்கள் பைகளுக்குப் பொருந்தாதது இருந்தால் தள்ளிவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உரம் பற்றிய பேச்சில் யாரும் கணக்குப் போடுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். தக்காளி ஒரு டன் பழம் கொடுக்க, மண்ணிலிருந்து ஏறத்தாழ 2.5 முதல் 3 கிலோ தழைச்சத்தையும் (நைட்ரஜன்), அதைவிட அதிகமாக 4 கிலோ அளவுக்குச் சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) எடுத்துக்கொள்ளும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) இதில் கால் பங்கு போதும். உங்கள் ஒரு பை நன்றாக விளைந்தால் மூன்று கிலோ பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தேவை எட்டு ஒன்பது கிராம் தழைச்சத்து, பன்னிரண்டு கிராம் அளவில் சாம்பல் சத்து. அவ்வளவுதான். அந்தத் தழைச்சத்தை யூரியாவாக எடைபோட்டால் இருபது கிராம்கூட வராது.

இப்போது பையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கலவையில் மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரமோ மக்கிய தொழுவுரமோ போட்டிருந்தால், அது மூன்று நான்கு கிலோ வரும். 1985 ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, மண்புழு உரத்தில் தழைச்சத்து குறைந்தது 1 சதவீதமும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தலா 0.8 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குறைந்தபட்சக் கணக்கிலேயே முப்பது கிராம் தழைச்சத்து பையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது முழுவதும் செடியின் கைக்கு எட்டாது. கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் தின்று உடைத்து வெளியே விட்டால்தான் வேர் உறிஞ்ச முடியும். ஒரு பருவத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெளிவந்தால் நல்ல கணக்கு. அப்படியும் எட்டிலிருந்து பத்து கிராம் கிடைத்துவிடும். சாம்பல் சத்தின் கதை வேறு. அது கரிமப் பொருளில் பிணைந்து கிடப்பதில்லை. தண்ணீர் பட்டதும் பெரும்பகுதி கரைந்து வேருக்குக் கிடைத்துவிடும், அதே வேகத்தில் பையின் அடி ஓட்டை வழியாக ஒழுகியும் போய்விடும். முதல் மாதம் தாராளமாக இருந்து, காய் பிடிக்கும் நேரத்தில் தீர்ந்துபோகக்கூடிய சத்து அதுதான்.

எனவே தொட்டித் தக்காளியில் “எந்த உரம்” என்பதைவிட “எந்த வாரத்தில்” என்பது பெரிய கேள்வி. நாற்று நட்டதிலிருந்து மொட்டு கட்டும் வரை, ஏறத்தாழ முதல் முப்பது நாள், தழைச்சத்து வேண்டும். மொட்டு கட்டிய பிறகு தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தைக் கூட்ட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் செடி தன் பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டே போகும். உங்கள் செடியின் கரும்பச்சை எனக்குப் பெருமையாகத் தெரியவில்லை. புண்ணாக்குக் கரைசலும் மீன் அமிலமும் வாரந்தோறும் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்களே, அதன் விளைவாகத்தான் தெரிகிறது. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவீதம். இயற்கை உரங்களில் இது வீரியமான சரக்கு. இயற்கையானது என்பதால் அளவு மீறினாலும் கெடுக்காது என்ற எண்ணம்தான் மாடித்தோட்டக்காரர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. மிதமிஞ்சிய தழைச்சத்து இலையை மென்மையாக்கும். அசுவினியும் வெள்ளை ஈயும் அதைத் தேடி வரும். வெள்ளை ஈ வந்தால் அது இலைச்சுருட்டு வைரஸையும் சுமந்து வரலாம். அந்த நோய் வந்த செடிக்கு உரமும் கிடையாது, மருந்தும் கிடையாது. பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

பூ உதிர்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ பிடிக்காமல் உதிரும். ஏப்ரல், மே மாதங்களில் சென்னை மொட்டைமாடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூக்கும் காலம் அந்த மாதங்களில் விழுந்திருந்தால் பஞ்சகவ்யத்தின் மேலும் குறை சொல்லாதீர்கள், உங்கள் மேலும் சொல்லாதீர்கள். நிழல்வலை கட்டுங்கள், காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். அடுத்த முறை, மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது பூக்கும்படி நாற்று விடுங்கள்.

அடி கருத்த காய்க்கு வருகிறேன். இதைச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைபாடு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. குறை காயில்தான், பையில் இருக்க வேண்டும் என்பதில்லை. சுண்ணாம்புச் சத்து செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே நகரும். இலைகள் நீரை ஆவியாக்கி இழுப்பதால் அது இலைக்குப் போய்ச் சேர்கிறது. காயோ அதிகம் ஆவியாக்காது, ஆகவே கடைசிப் பந்தியில்தான் அதற்கு இடம். ஒருநாள் பை காய்ந்து, மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், அந்த இடைவெளியில் வளரும் காயின் அடிப்பக்கமான பூமுனை பட்டினி கிடந்து கருகும். பெரும்பாலான சென்னை வீடுகளின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமான நீர். சுண்ணாம்பு அதிலேயே கரைந்திருக்கிறது. முட்டை ஓடு ஏறத்தாழ முழுக்கக் கால்சியம் கார்பனேட். காரத்தன்மையுள்ள நீர் ஊற்றும் பையில் அது ஒரு பருவத்துக்குள் கரைவதே அபூர்வம். ஆறு மாதம் கழித்துப் பையைக் கவிழ்த்தபோது போட்ட ஓடு போட்டபடி பளபளவென்று கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: சாம்பல் சத்தோ, அமோனிய வடிவத் தழைச்சத்தோ, மெக்னீசியமோ அளவுக்கு மேல் போனால் அவை சுண்ணாம்பை வேருக்குள் நுழையவிடாமல் போட்டிபோடும். கருகலைத் தடுக்க என்று எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து ஊற்றுபவர்கள் பிரச்சினைக்குத் தீனி போடுகிறார்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்களும் அப்படியே; அதிலிருக்கும் உப்பு வேரின் நீர் உறிஞ்சலையே தடுக்கும். பையின் மேல் மூன்று விரற்கடைக்குச் சருகு மூடாக்குப் போட்டு, கோடையில் காலை, மாலை இரு வேளையும் சீராகத் தண்ணீர் விட்டால் அடுத்து வரும் காய்கள் பெரும்பாலும் தப்பிவிடும். கருத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை திரும்பாது.

இனி பொட்டலங்கள். மண்புழு உரம் அடிப்படை. அதன் தரம் மட்டும் உறுதியாக இருந்தால் மற்ற ஏழில் ஐந்து இல்லாமலேயே தக்காளி எடுக்கலாம். ஆனால் சந்தையில் விற்பதெல்லாம் மண்புழு உரமில்லை. நான் ஒருமுறை ஐம்பது கிலோ மூட்டை வாங்கி வந்து, சந்தேகப்பட்டு ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தேன். கால் மணி நேரத்தில் கீழே இரண்டு விரல் உயரம் ஆற்று மணல் படிந்தது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். மூட்டைக்குள் கைவிட்டால் சூடு இருக்கக்கூடாது. மழை பெய்த மண் மாதிரி வாசம் வர வேண்டும். சாணி நாற்றமோ அமோனியாக் காட்டமோ அடித்தால் இன்னும் மக்கவில்லை. அதில் பத்துப் பச்சைப்பயறு ஊன்றிப் பாருங்கள். நான்கு நாளில் குறைந்தது எட்டுப் பயறு ஒழுங்காக முளைத்தால் நம்பலாம்.

வேப்பம் புண்ணாக்கு, என் தனிப்பட்ட விருப்பம். தழைச்சத்து 5 சதவீதம் இருக்கிறது, மெதுவாகக் கொடுக்கிறது. அதிலுள்ள கசப்புப் பொருள்கள் தழைச்சத்து விரைவாக நைட்ரேட்டாக மாறி ஒழுகிப்போவதை மட்டுப்படுத்தும். வேர்முடிச்சு நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். பழைய மண்ணையே திரும்பப் பயன்படுத்தும் பைகளில் இந்த நூற்புழு பெரிய தொல்லை. நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே பைக்கு நூறு கிராம் கலந்து ஈரப்படுத்தி வைத்துவிட வேண்டும். நட்ட பிறகு தண்டை ஒட்டிக் குவித்தால் புண்ணாக்கு புளிக்கும்போது வேர் வெந்துவிடும்.

கடலைப் புண்ணாக்கைப் பற்றி எச்சரித்துவிட்டேன், ஆனாலும் ஒதுக்கச் சொல்லவில்லை. நூறு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, செடிக்குக் கால் லிட்டர் வீதம், நட்ட பதினைந்தாம் நாள் ஒன்று, முப்பதாம் நாள் ஒன்று. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாடித்தோட்டம் தொடங்கிய புதிதில், நான் படித்த படிப்பையெல்லாம் மறந்து, உலர் புண்ணாக்கை அப்படியே பையின் மேல் தூவினேன். நான்காம் நாள் வெள்ளைப் பூஞ்சணம், ஏழாம் நாள் எறும்புப் படை, பத்தாம் நாள் எலி. எலி செடியைத் தின்னவில்லை; புண்ணாக்கைத் தேடி ஆறு செடிகளை வேரோடு கிளறிப் போட்டிருந்தது.

மீன் அமிலத்தின் சங்கதியும் இதுதான்: தழைச்சத்து, வளர்ச்சிப் பருவத்துக்கு. லிட்டருக்கு ஐந்து மில்லிக்கு மேல் வேண்டாம், பூவுக்குப் பின் வேண்டவே வேண்டாம். எலும்புத்தூள் மணிச்சத்து நிறைந்தது, 20 சதவீதத்துக்கு மேல். ஆனால் அது அமில மண்ணில்தான் கரையும். உங்கள் கடின நீரும் பை மண்ணும் காரத்தன்மை பக்கம் சாய்ந்திருந்தால் பெரும்பகுதி கல்லாகவே கிடக்கும். மக்கிய உரம் போட்ட பையில் மணிச்சத்துக்குப் பொதுவாகப் பஞ்சம் வராது. அந்தக் காசை மிச்சப்படுத்தியிருக்கலாம். வாங்கிவிட்டீர்கள், வீட்டுக் கழிவை மக்கவைக்கும் தொட்டியில் கலந்து மக்கவிடுங்கள். மக்கும்போது உண்டாகும் அமிலங்கள் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும். முட்டை ஓட்டுத்தூளுக்கும் அதே இடம்தான்.

பஞ்சகவ்யம் பற்றிப் பேசினால் இரு தரப்பிலும் கோபித்துக்கொள்வார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே 3 சதவீதக் கரைசலாக, அதாவது லிட்டருக்கு 30 மில்லி வீதம், இலைவழி தெளிக்கச் சொல்கிறது. அதில் வளர்ச்சி ஊக்கிகளும் நுண்ணுயிர்களும் இருப்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். அதே சமயம் அதிலுள்ள தழை, மணி, சாம்பல் சத்துகள் மிகக் குறைவு என்பதும் தெரிந்த விஷயம். எனவே அது உரமில்லை, ஊக்கி. சோறு போட்ட பிறகு ரசம் ஊற்றலாம். ரசத்தையே சோறாக்க முடியாது. இதில் ஐயத்துக்கு இடமுள்ள பகுதி ஒன்று உண்டு: ஒருவர் தயாரிப்பதும் இன்னொருவர் தயாரிப்பதும் ஒன்றாக இருப்பதில்லை, ஒருவரே இரண்டு முறை செய்தாலும் ஒன்றாக வருவதில்லை. வயலில் கிடைத்த பலன் உங்கள் பையிலும் கிடைக்கும் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன். நான் தெளிக்கிறேனா என்றால், பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெளிக்கிறேன். நிறுத்திய பருவத்தில் விளைச்சலில் பெரிய வேறுபாடு எதையும் பார்க்கவில்லை. முப்பது பைக்காரனின் அனுபவம் ஆராய்ச்சி ஆகாது, அதையும் சேர்த்தே படியுங்கள்.

கடற்பாசிச் சாறுக்கு இப்போது உங்கள் மாடியில் வேலை இருக்கிறது. சாம்பல் சத்து ஓரளவு உண்டு, தழைச்சத்து மிகக் குறைவு. காய்ப் பருவத்துக்கு ஏற்றது. புட்டியில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பச்சைத் தோலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு தோலில் சாம்பல் சத்து அரை கிராம் தேறினாலே அதிகம். பன்னிரண்டு கிராமுக்கு ஒரு செடிக்கு இருபத்தைந்து தோலாவது வேண்டும், பன்னிரண்டு பைக்கு நீங்கள் பழக்கடைதான் வைக்க வேண்டும். தோலை வெட்டி மக்கு உரத்தில் சேருங்கள், வீண் போகாது. அதையே முழு உரம் என்று நம்பாதீர்கள். அடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டுதான், ஆனால் அது கடும் காரம். கடின நீர் ஊற்றும் பையில் மாதம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் நான் போடமாட்டேன். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நோய் தடுக்கும் நுண்ணுயிர்கள் கலந்த உரத்தோடு சாம்பலைச் சேர்க்கவே கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு உறுத்துகிறது. பையில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது மக்கியதா, வெறும் அமுக்கிய கட்டியா? மக்காத நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும்; மக்க வைத்தால் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். மக்காததைப் போட்டால் அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் செடிக்கு வைத்த தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். உங்கள் செடி கரும்பச்சையாக இருப்பதால் இப்போதைக்கு அந்தப் பற்றாக்குறை இல்லை. ஆனால் புண்ணாக்கை நிறுத்திய பிறகு கீழிலைகள் வேகமாக வெளிறினால் காரணம் அதுவாக இருக்கலாம். அப்போது மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போட்டாலே தேறும். கட்டியைக் கழுவாமல் போட்டிருந்தால் உப்பும் இருக்கும். அடி ஓட்டை வழியே நன்றாக வழியும்படி ஒருமுறை தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். மழைநீராக இருந்தால் இன்னும் நல்லது.

ரகத்தையும் பாருங்கள். விதை பி.கே.எம். 1 என்றால், அது தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவானது. குறிப்பிட்ட உயரத்தில் நின்று காய்களைச் சேர்ந்தாற்போல் கொடுத்து முடிக்கும். அதற்குக் காய்ப் பருவத்து உரம் இரண்டு முறை போதும். கொடிபோல் ஏறிக்கொண்டே போகும் ரகம் என்றால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: புண்ணாக்கும் மீன் அமிலமும் மூன்று வாரத்துக்கு நிறுத்தம். பையை ஒருமுறை அலசி, இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அதன் மேல் சருகு மூடாக்கு. பத்து நாளைக்கு ஒருமுறை கடற்பாசிச் சாறு. ஐயமாக இருந்தால் ஆறு பைக்கு மட்டும் இப்படிச் செய்து, மீதி ஆறைப் பழையபடியே விட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் எனக்கே நீங்கள் பதில் சொல்லலாம். அடுத்த முறை எழுதும்போது மேலே மூன்றாவது இலை, கருத்த காய், பையின் அடி ஓட்டை மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். மீதமுள்ள கடலைப் புண்ணாக்கை மூடி போட்ட டப்பாவில் அடைத்து வீட்டுக்குள் வையுங்கள், மாடியில் வேண்டாம்.